ஊசி போட்ட மணி என்ன? உசிலம்பட்டியிலிருந்து வந்த ஓர் இன்ஃப்ளூயன்சா நோயாளியின் ரத்தக் குறியீடுகள்

58 வயது ஆண். உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் மல்லிகைத் தோட்டம் வைத்திருப்பவர். பதினோரு வருடமாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மின் 500 மி.கி. இரண்டு வேளை. ரத்தக் கொதிப்புக்கு அம்லோடிபின் 5 மி.கி. புகைப்பழக்கம் இல்லை. இன்ஃப்ளூயன்சா தடுப்பூசி ஒருமுறைகூடப் போட்டதில்லை. எடை 64 கிலோ. நோயாளியை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறோம்.

நவம்பர் மாதம். வட இந்தியாவில் இன்ஃப்ளூயன்சா தென்மேற்குப் பருவமழையோடு ஏறும். தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழையோடு, அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை ஏறும். மதுரை வட்டாரத்தில் டெங்குவும் ஸ்க்ரப் டைபஸும் எலிக்காய்ச்சலும் வருவதும் இதே மாதங்களில்தான். அதனால் இருமலோடு வரும் காய்ச்சலுக்கு எடுக்கும் ஒரே ரத்த மாதிரி நான்கைந்து நோய்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

காய்ச்சல், உடம்புவலி, வறட்டு இருமல் தொடங்கிய நாளை முதல் நாள் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் நாள் மாலை உள்ளூர் கிளினிக்கில் ஓர் ஊசியும், அசித்ரோமைசின் 500 மி.கி. மாத்திரை மூன்றும் கொடுத்தார்கள். நான்காம் நாள் காலை 9 மணிக்கு ஒரு ரத்த சேகரிப்பு மையத்தில் மாதிரி எடுத்தார்கள். குழாய்கள் பஸ்ஸில் மதுரைக்கு வந்து பரிசோதனையாகி, மதியம் அறிக்கை செல்போனுக்கு வந்தது. அதைப் பார்த்துப் பயந்துபோன குடும்பம் அன்று மாலையே அவரை மதுரைக்கு அழைத்து வந்தது.

கையில் இருந்த முதல் அறிக்கை

வெள்ளணுக்கள் 11,800; அவற்றின் வகைகளில் நியூட்ரோபில் 86 சதவீதம், லிம்போசைட் 9 சதவீதம், இயோசினோபில் 0. தட்டணுக்கள் 1.42 லட்சம். அழற்சி கூடினால் ஏறும் சி.ஆர்.பி. 4.8. செல்கள் சிதைந்தால் ஏறும் எல்.டி.எச். நொதி 612. ரத்தம் உறைந்து கரைவதைக் காட்டும் டி-டைமர் 310. பொட்டாசியம் 5.9. இரும்பைச் சேமிக்கும் புரதமான ஃபெரிட்டின் 780.

இப்படியே படித்தால் நியூட்ரோபில்-லிம்போசைட் விகிதம் 9.6 என்று வருகிறது. 'தீவிர நோய்' என்று கொட்டை எழுத்தில் எழுதத் தோன்றும் எண் அது. எல்.டி.எச். இயல்பளவைப் போல மூன்று மடங்கு. நுரையீரல் திசு சிதைகிறதோ என்ற சந்தேகம் வரும். சி.ஆர்.பி. 4.8 மட்டும் 'ஒன்றுமில்லை' என்கிறது. இந்த மூன்று வாசிப்புமே தவறு. ஒவ்வொன்றும் தவறானதற்குக் காரணம் வேறு.

விகிதத்திலிருந்து தொடங்குவோம். வந்தவுடன் செவிலியர் நோயாளியின் மகனிடம் கேட்ட முதல் கேள்வி, "அப்பாவுக்கு என்ன ஊசி போட்டாங்க, எத்தனை மணிக்குப் போட்டாங்க தம்பி?" என்பது. ஊசியின் பெயர் அவருக்குத் தெரியவில்லை. "ராத்திரி ஏழு மணி இருக்கும்க்கா. போட்ட அரைமணியில வலியெல்லாம் விட்ருச்சுன்னு சொன்னாரு." கிளினிக்குக்கு போன் செய்து கேட்டபோது, போட்டது டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு 8 மி.கி., டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து என்று தெரிந்தது.

ஸ்டீராய்டு ரத்தத்தில் என்ன செய்கிறது என்று தெரிந்தால் அந்த 9.6 வேறு மாதிரி தெரியும். ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் நியூட்ரோபில்கள் விடுபட்டு ஓட்டத்தில் கலக்கின்றன, எண்ணிக்கை ஏறுகிறது. லிம்போசைட்டுகள் நிணநீர் முடிச்சுகளுக்கும் எலும்பு மஜ்ஜைக்கும் ஒதுங்குகின்றன, எண்ணிக்கை இறங்குகிறது. இயோசினோபில் காணாமல் போகிறது. நாலைந்து மணி நேரத்திலேயே இந்த மாற்றம் தெரிய ஆரம்பிக்கும். டெக்சாமெத்தசோனின் வேலை ஒன்றரை நாளுக்கும் மேல் நீடிக்கும். ஊசிக்குப் பதினான்கு மணி நேரம் கழித்து எடுத்த மாதிரியில் 9.6 என்பது வைரஸ் எழுதிய எண்ணா, ஊசி எழுதிய எண்ணா என்று பிரிக்கவே முடியாது. அந்த எண்ணை வைத்து நோயின் தீவிரத்தைக் கணிப்பதில் பொருளில்லை. அடுத்த இரண்டு நாளில் அது எந்தப் பக்கம் போகிறது என்பதே பயன்படும்.

சி.ஆர்.பி. விஷயம் அலகில் இருக்கிறது. அறிக்கையில் எண்ணுக்குப் பக்கத்தில் அலகு மங்கலாக அச்சாகியிருந்தது. 'இயல்பளவு 0.6-க்குக் கீழ்' என்ற வரியைப் பார்த்த பிறகுதான் அது டெசிலிட்டருக்கு மி.கி. என்று உறுதியானது. லிட்டர் கணக்கில் 48. தமிழ்நாட்டு ஆய்வகங்களில் இரண்டு அலகும் புழக்கத்தில் இருக்கின்றன. ஒரே ஊரில் ஒரு லேபில் 4.8, இன்னொரு லேபில் 48 என்று வரும், இரண்டும் ஒரே ரத்தம்தான். எண்ணைப் படிக்கும் முன் பக்கத்தில் இருக்கும் இயல்பளவைப் படிக்கும் பழக்கம் இருந்தால் இந்தத் தவறு நடக்காது.

எல்.டி.எச். 612-க்குத் துப்புக் கொடுத்தது பொட்டாசியம். சிறுநீரகம் ஓரளவு நன்றாக இருக்கும் ஒருவருக்கு 5.9 ஏன்? சிவப்பணுவுக்குள் எல்.டி.எச்., ரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிநீரான சீரத்தில் இருப்பதைப் போல நூறு மடங்குக்கும் மேல் இருக்கிறது. பொட்டாசியமும் உள்ளேதான் அதிகம். குழாயில் சிவப்பணு உடைந்தால் இரண்டும் சேர்ந்தே ஏறும். அறிக்கையின் அடியில் சிறிய எழுத்தில் 'மாதிரி சிதைந்துள்ளது' என்ற குறிப்பு இருந்தது, யாரும் பார்க்கவில்லை. நல்ல சீரம் வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருக்கும். சிதைந்த சீரம், செம்பருத்தி இதழை ஊறவைத்த தண்ணீர் போலச் சிவந்திருக்கும். வெளிச்சத்தில் குழாயைத் தூக்கிப் பார்த்தாலே தெரியும்.

ஏன் சிதைகிறது? மெல்லிய ஊசியில் சிரிஞ்சை வேகமாக இழுப்பது, எடுத்த ரத்தத்தை ரப்பர் மூடி வழியாக அழுத்தித் தள்ளுவது, கட்டுப்பட்டையை ஒரு நிமிடத்துக்கு மேல் இறுக்கி வைப்பது, ஸ்பிரிட் காயும் முன் குத்துவது, சுழற்றிச் சீரத்தைப் பிரிக்காமலே குலுங்கும் பஸ்ஸில் மணிக்கணக்காக அனுப்புவது. கடைசியாகச் சொன்னது உசிலம்பட்டி, பேரையூர், மேலூர் போன்ற இடங்களிலிருந்து வரும் மாதிரிகளில் தவிர்க்கக் கடினம். சேகரிப்பு மையத்திலேயே சின்ன சென்ட்ரிஃப்யூஜ் வைத்து, அரைமணி உறையவிட்டு, சுழற்றி, சீரத்தை மட்டும் அனுப்புவதே சரியான வழி. இன்னொன்று: எல்.டி.எச். பார்க்க வேண்டிய சீரத்தைக் குளிர்பெட்டியில் வைக்கக் கூடாது. அந்த நொதியின் சில வகைகள் குளிரில் செயலிழக்கும். மற்றச் சோதனைகளுக்கு நல்லது செய்யும் ஐஸ் இதற்குக் கெடுதல்.

நான்காம் நாள் இரவு, மறுபடியும்

உடல் வெப்பம் 38.4. நாடி 98. ரத்த அழுத்தம் 126/78. மூச்சு முழு ஒரு நிமிடம் எண்ணியதில் 24. பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் இருமும் நோயாளியிடம் எண் எளிதாகத் தப்பும். உட்கார்ந்திருக்கும்போது ஆக்சிஜன் அளவு 94. வராந்தாவில் ஆறு நிமிடம் நடக்கவிட்டதில் 89. நினைவு தெளிவு. அக்குள், இடுப்பு மடிப்பு, தொடையிடுக்கு எங்கும் ஸ்க்ரப் டைபஸின் கறுத்த பொருக்கு இல்லை. எக்ஸ்ரேயில் இரு கீழ்ப்பகுதியிலும் லேசான மங்கல்.

புதிய மாதிரி சரியான வரிசையில் எடுக்கப்பட்டது: முதலில் நீல மூடி, அடுத்து சீரத்துக்கான குழாய், கடைசியாக ஊதா மூடி. ஊதாக் குழாயில் உள்ள, ரத்தம் உறையாமல் தடுக்கும் இ.டி.டி.ஏ. துளியளவு சீரக் குழாயில் கலந்தாலும் பொட்டாசியம் பொய்யாக ஏறும், கால்சியம் பொய்யாக இறங்கும். நீல மூடிக் குழாயில் 0.3 மி.லி. சிட்ரேட் இருக்கிறது, கோடு வரை 2.7 மி.லி. ரத்தம் நிரம்ப வேண்டும். பாதி நிரப்பினால் பிளாஸ்மா நீர்த்துப்போய் டி-டைமர் குறைவாகக் காட்டும்.

எல்.டி.எச். 318, பொட்டாசியம் 4.3. ஏறியிருப்பது உண்மை, ஆனால் மும்மடங்கு இல்லை. சி.ஆர்.பி. லிட்டருக்கு 51 மி.கி. விகிதம் 6.8. பாக்டீரியாத் தொற்றில் ஏறும் புரோகால்சிடோனின் 0.14. யூரியா 46, கிரியேட்டினின் 1.2. சர்க்கரை 342, இதிலும் ஊசியின் பங்கு உண்டு. டெங்கு என்.எஸ்.1, ஐ.ஜி.எம். இரண்டும் இல்லை, ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் ஹீமடோகிரிட் 41, ஏறவில்லை. ஸ்க்ரப் ஐ.ஜி.எம். இல்லை. மூக்கு-தொண்டை மாதிரியின் ஆர்.டி.பி.சி.ஆர். மறுநாள் வந்தது: இன்ஃப்ளூயன்சா ஏ உறுதி, கொரோனா இல்லை.

டி-டைமர் 640 என்று வந்தது. மகன் இரண்டு அறிக்கையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டார்: "காலையில 310, ராத்திரி 640. ஒரே நாள்ல ரெண்டு மடங்கு ஏறிருச்சே சார், ரத்தம் உறையுதா?" ஏறவே இல்லை. முதல் லேப் டி.டி.யூ. அலகில் சொல்கிறது, இயல்பளவு 250-க்குக் கீழ். இரண்டாவது லேப் எஃப்.இ.யூ. அலகில் சொல்கிறது, இயல்பளவு 500-க்குக் கீழ். எஃப்.இ.யூ. எண் ஏறக்குறைய டி.டி.யூ. எண்ணைப் போல இரண்டு மடங்கு. 310-ம் 640-ம் கிட்டத்தட்ட ஒன்றே. நுரையீரல் ரத்தக்கட்டியை விலக்கும்போது, ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு எஃப்.இ.யூ. அலகில் வயதைப் பத்தால் பெருக்கி வரம்பாகக் கொள்ளும் முறை உண்டு, இவருக்கு 580. அதைக் கொஞ்சம் தாண்டியிருக்கிறது. காலில் வீக்கமோ வலியோ இல்லை, ஆக்சிஜன் குறைவுக்கு எக்ஸ்ரேயிலேயே காரணம் தெரிகிறது, அதனால் சி.டி. ஆஞ்சியோவுக்கு அனுப்பவில்லை. படுக்கையில் இருக்கும் நோயாளிக்கு ரத்தம் உறையாமல் தடுக்க வழக்கமாகக் கொடுக்கும் எனாக்சாபரின் 40 மி.கி. தினம் ஒருமுறை கொடுக்கப்பட்டது.

ஃபெரிட்டினைத் திரும்பப் பார்க்கவில்லை. சர்க்கரை நோயும் கொழுப்புக் கல்லீரலும் இருப்பவர்களுக்கு அது முன்பே கூடுதலாக இருக்கும். இரும்புச்சத்துக் குறைந்த பெண்களுக்கு நோயிலும் ஏறாமல் ஏமாற்றும். ஆயிரக்கணக்கில் போயிருந்தால் டெங்குவை மறுபடி யோசித்திருக்க வேண்டும்.

நிமோனியாவின் தீவிரத்தை அளக்கும் கர்ப்-65 மதிப்பெண் 1 மட்டுமே: யூரியா 42-ஐத் தாண்டியதற்கு ஒன்று. அந்தக் கணக்குப்படி வீட்டுக்கு அனுப்பலாம். நடந்ததும் 89-க்கு இறங்கிய ஆக்சிஜன்தான் 'படுக்கையில் சேருங்கள்' என்றது. எங்கள் கருத்தில் அன்றிரவு எடுத்த சோதனைகளில் மிகப் பயனுள்ளது இந்தச் செலவில்லாத நடைதான்.

இன்ஃப்ளூயன்சா வைரஸுக்கான மருந்தான ஓசெல்டாமிவிர் 75 மி.கி. இரண்டு வேளை தொடங்கப்பட்டது. 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால் அதிகப் பலன். அது கடந்திருந்தாலும் மருத்துவமனையில் சேரும் அளவு நோய் உள்ளவருக்குக் கொடுப்பதே நடைமுறை. கிரியேட்டினின் வெளியேற்றம் நிமிடத்துக்கு 60 மி.லி. அளவில் இருந்ததால் மருந்தளவைக் குறைக்கவில்லை. அதற்குக் கீழே போயிருந்தால் 30 மி.கி. இரண்டு வேளை. ஆக்சிஜன் மூக்குக் குழாயில் நிமிடத்துக்கு 2 லிட்டர். சர்க்கரைக்கு இன்சுலின். அசித்ரோமைசினுக்கு மேல் வேறு ஆன்டிபயாடிக் சேர்க்கவில்லை. ஸ்டீராய்டு அறவே நிறுத்தப்பட்டது.

கொரோனா எண்களை இங்கே கொண்டுவருவது பற்றி

தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் 2020 மார்ச் 25 அன்று மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் நேர்ந்தது. அதற்குப் பிந்தைய இரண்டு வருடத்தில் சி.ஆர்.பி., டி-டைமர், ஃபெரிட்டின் என்ற சொற்கள் வீட்டுப் பேச்சுக்கே வந்துவிட்டன. அன்று பழகிய வரம்புகளை இன்று எல்லா இருமல் காய்ச்சலுக்கும் போட்டுப் பார்க்கிறார்கள். அவை பிறந்த இடத்தைப் பார்க்க வேண்டும். டி-டைமர் 1-க்கு மேல் (மில்லி லிட்டருக்கு மைக்ரோகிராம்) என்றால் ஆபத்து என்பது 2020 மார்ச்சில் வெளிவந்த, வூகானில் 191 நோயாளிகளைப் பார்த்த ஆய்விலிருந்து வந்தது. கொரோனாவில் இறப்பு அபாயத்தைக் கணிக்கும் பிரிட்டனின் 4சி மதிப்பெண் யூரியா, சி.ஆர்.பி. இரண்டையும் வயது, மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு ஆகியவற்றோடு கூட்டுகிறது, மொத்தம் 21. அதில் வயதுக்கு மட்டும் 7 வரை கிடைக்கும், சி.ஆர்.பி.-க்கு அதிகபட்சம் 2. ரத்தக் குறியீட்டுக்கு எவ்வளவு எடை தகும் என்பது இந்த ஒரு கணக்கிலேயே தெரிகிறது. அதுவும் கொரோனா நோயாளிகளை வைத்துச் செய்த மதிப்பெண். இன்ஃப்ளூயன்சாவுக்குப் போடக் கூடாது.

ஸ்டீராய்டிலும் இதே கதைதான். ஆக்சிஜன் தேவைப்படும் கொரோனா நோயாளிக்கு டெக்சாமெத்தசோன் 6 மி.கி. உயிர் காத்தது, ஆக்சிஜன் தேவைப்படாதவருக்குப் பலன் தரவில்லை. தீவிர இன்ஃப்ளூயன்சாவில் ஸ்டீராய்டு வேண்டாம் என்பதே 2024-ல் வந்த உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதலின் பரிந்துரை. மூன்றாம் நாள், என்ன வைரஸ் என்று தெரியாமலே, சர்க்கரை நோயாளிக்கு 8 மி.கி. போட்டது தவறு என்று வெளிப்படையாகவே சொல்கிறோம். அரைமணியில் வலி விட்டது என்பதால்தான் இந்த ஊசிக்கு ஊரில் இவ்வளவு மரியாதை.

ஆறாம் நாளும் எட்டாம் நாளும்

| நாள் | வெள்ளணு | நியூட்ரோபில் % | லிம்போசைட் % | விகிதம் | சி.ஆர்.பி. (மி.கி./லி.) | புரோகால்சிடோனின் |
|---|---|---|---|---|---|---|
| 4 காலை | 11,800 | 86 | 9 | 9.6 | 48 | – |
| 4 இரவு | 10,600 | 82 | 12 | 6.8 | 51 | 0.14 |
| 5 | 9,400 | 78 | 15 | 5.2 | 58 | – |
| 6 | 6,900 | 70 | 22 | 3.2 | 39 | – |
| 8 | 14,600 | 88 | 7 | 12.6 | 148 | 2.6 |
| 9 | 15,200 | 87 | 8 | 10.9 | 176 | 3.1 |
| 10 | 12,300 | 82 | 11 | 7.5 | 131 | 1.5 |
| 12 | 8,700 | 72 | 20 | 3.6 | 44 | 0.4 |

ஆறாம் நாள் வரை வெள்ளணுவும் விகிதமும் ஒரே திசையில் இறங்கின; சி.ஆர்.பி. ஐந்தாம் நாள் 58 வரை ஏறி, ஆறாம் நாள் 39-க்கு இறங்கியது. விகிதம் 9.6-லிருந்து 3.2-க்கு வந்ததில் ஸ்டீராய்டு வடிந்ததற்கும் நோய் தணிந்ததற்கும் பங்கு உண்டு. காய்ச்சல் விட்டது; ஆக்சிஜன் குழாயை எடுத்தும் அளவு 94-ல் நின்றது. நாளை வீட்டுக்குப் போகலாமா என்று குடும்பம் கேட்டது. சர்க்கரை இன்னும் 240-க்குக் கீழே வராததால் இன்னும் ஒரு நாள் இருக்கச் சொல்லப்பட்டது.

ஏழாம் நாள் இரவு குளிர் நடுக்கத்தோடு 39.2. விடியும்போது மூச்சு 32, ஆக்சிஜன் 87. இருமலில் மஞ்சள் சளி. காலை 6 மணி மாதிரியில் சி.ஆர்.பி. 148.

இன்ஃப்ளூயன்சாவில் சி.ஆர்.பி. பெரும்பாலும் மூன்றாம் நான்காம் நாளில் உச்சம் தொட்டு இறங்கும். அது இறங்கிவிட்டு மறுபடி எழுந்தால், வைரஸைத் தாண்டி வேறொன்று உள்ளே வந்திருக்கிறது என்றுதான் முதலில் எண்ண வேண்டும். தனியே பார்த்தால் 148 என்ற எண்ணுக்கு இந்தப் பொருள் கிடையாது. முன்னால் 39 இருந்ததால்தான் பொருள். புரோகால்சிடோனினும் அப்படியே: நான்காம் நாள் 0.14 கையில் இருந்ததால் 2.6 பேசியது. இந்தச் சோதனை விலை கூடியது, தினமும் எடுக்கத் தேவையில்லை. ஆனால் சேரும் நாளில் ஒருமுறை எடுத்து வைத்திருப்பது பின்னால் உதவும். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு இது தொற்றில்லாமலும் ஏறியிருக்கும் என்பதை மறக்கக் கூடாது.

ரத்தத் துளியை நுண்ணோக்கியில் பார்த்ததில் முதிராத நியூட்ரோபில்கள். எக்ஸ்ரேயில் வலது கீழ்ப்பகுதியில் புதிய அடர்ந்த வெண்மை. சளியை கிராம் சாயமிட்டுப் பார்த்ததில் திராட்சைக் கொத்துப் போலக் கூடிய ஊதா உருண்டைகள்: ஸ்டெஃபிலோகாக்கஸ். ரத்த வளர்ப்புக்கு இரண்டு கைகளிலிருந்தும் மாதிரி எடுத்த பிறகு, காலை 7 மணிக்கு ஆன்டிபயாடிக்குகள்: வான்கோமைசின் 1.5 கிராம், செஃப்ட்ரியாக்சோன் 2 கிராம். மாஸ்க்கில் 8 லிட்டர் ஆக்சிஜன். செயற்கை சுவாசம் தேவைப்படவில்லை.

ஒன்பதாம் நாள் அறிக்கை கலவரப்படுத்தியது: மருந்து தொடங்கி 24 மணி நேரமான பிறகும் சி.ஆர்.பி. 176. மருந்தை மாற்ற வேண்டுமா என்ற பேச்சு எழுந்தது. மாற்றவில்லை. கல்லீரல் சி.ஆர்.பி.-யைத் தயாரிப்பது தூண்டுதலுக்குச் சில மணி நேரம் பின்தங்கியே நடக்கும். உச்சம் வர ஒன்றரை நாள், இரண்டு நாள் ஆகும். தயாரிப்பு நின்ற பிறகுதான் அது சுமார் 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். மூச்சு 32-லிருந்து 26-க்கு வந்திருந்தது, ஆக்சிஜன் தேவை கூடவில்லை. மருந்து தொடங்கிய முதல் நாள் ஏற்றத்தை அதன் தோல்வியாக எடுத்துக்கொண்டால் நல்ல மருந்தைத் தூக்கி எறிவோம். மருந்தின் மூன்றாம் நாளும் இறங்காவிட்டால்தான் சீழ் கட்டியிருக்கிறதா, கிருமிக்கு மருந்து பொருந்தவில்லையா என்று தேட வேண்டும்.

பத்தாம் நாள் சளி வளர்ப்பில் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ், மெத்திசிலினுக்குக் கட்டுப்படும் வகை. வான்கோமைசினும் செஃப்ட்ரியாக்சோனும் நிறுத்தப்பட்டு செஃபசோலின் 2 கிராம் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. ரத்த வளர்ப்பில் எதுவும் வளரவில்லை. பன்னிரண்டாம் நாள் ஆக்சிஜன் இல்லாமல் 95. பதினைந்தாம் நாளோடு ஆன்டிபயாடிக் முடிந்தது. பதினாறாம் நாள் வீட்டுக்குப் போனார்.

அந்த ஒரு ஊசிதான் இரண்டாம் தொற்றைக் கொண்டுவந்தது என்று சொல்ல முடியாது. இன்ஃப்ளூயன்சா மூச்சுக்குழாயின் உள்தோலை உரித்துவிடுகிறது. மூக்கில் குடியிருக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ் அந்த வழியாக இறங்குவது ஸ்டீராய்டு இல்லாமலும் நடக்கும். கட்டுப்படாத சர்க்கரையும் சேர்ந்திருந்தது. ஆனால் நான்காம் நாளின் விகிதத்தையும் சர்க்கரையையும் கலங்கடித்தது அந்த ஊசிதான், அதில் சந்தேகமில்லை.

வெளியேற்றச் சீட்டில் வழக்கமான மருந்து விவரத்தோடு மூன்று வரி கூடுதலாக எழுதிக் கொடுக்கப்பட்டது. இனி எந்தக் காய்ச்சலுக்கும் ஊசி போட்டால் அதன் பெயரையும் மணியையும் சீட்டில் எழுதி வாங்கவும். ரத்தம் கொடுக்கும்போது காய்ச்சல் தொடங்கிய தேதியைச் சொல்லவும். முடிந்தவரை ஒரே லேபிலேயே திரும்பத் திரும்பப் பார்க்கவும்.

ஆறு வாரம் கழித்து வந்தபோது எக்ஸ்ரே தெளிவாக இருந்தது. சி.ஆர்.பி. 3, லிட்டர் கணக்கில். மூன்று மாதச் சர்க்கரை சராசரி 9.1; இன்சுலின் தொடர்கிறது. அன்றே இன்ஃப்ளூயன்சா தடுப்பூசி போடப்பட்டது, நிமோகாக்கல் தடுப்பூசிக்கு நாள் குறிக்கப்பட்டது. மகன் பழைய சீட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். அதன் பின்பக்கத்தில், இடையில் ஒருநாள் வந்த தலைவலிக்கு உள்ளூரில் போட்ட ஊசியின் பெயர், அளவு, மணி மூன்றும் கிளினிக் முத்திரையோடு எழுதப்பட்டிருந்தன.